மூளைக் கட்டிக்குத் தொலைவிலிருந்து இரண்டாம் கருத்து

மூளையில் கட்டி இருப்பதாக ஒரு மருத்துவமனை சொன்ன பின், அதே எம்.ஆர்.ஐ. படங்களையும் பயாப்ஸி அறிக்கையையும் வேறோர் ஊரில் இருக்கும் நிபுணருக்கு அனுப்பி, நோயாளி அங்கே போகாமலே அவருடைய கணிப்பைப் பெறுவது தொலைநிலை இரண்டாம் கருத்து எனப்படுகிறது. கேட்கப்படுவது சில வேளை நோயின் பெயர் சரிதானா என்பது. சில வேளை அறுவை செய்யலாமா, எவ்வளவு எடுக்கலாம், கதிர்வீச்சு இப்போதே வேண்டுமா என்பது. இவை ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் ஒன்றல்ல.

இதைச் சுற்றி நெடுங்காலமாக நிற்கும் வினா, நோயாளியைத் தொட்டுப் பார்க்காதவர் சொல்வதற்கு எவ்வளவு எடை தரலாம் என்பது. நேரில் பரிசோதிக்காமல் சொல்லும் கருத்து அரைக் கருத்துதான் என்பது ஒரு தரப்பு. மூளைக் கட்டியின் பெயரைத் தீர்மானிப்பவை படமும் திசுவும். இரண்டையும் அனுப்ப முடிகிறபோது தூரம் பொருட்டல்ல என்பது இன்னொரு தரப்பு. யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே பயன் அமையும், நோயாளி தானாகக் கேட்பதும் சிகிச்சை தரும் மருத்துவர் கேட்பதும் வேறு வேறு என்பது மூன்றாவது. இந்த மூன்று நிலைப்பாடுகளும் வெவ்வேறு காலத்துத் தேவைகளிலிருந்து பிறந்தவை.

கடிதத்தில் தொடங்கிய வழக்கம்

நோயாளியைப் பார்க்காமல் மருத்துவம் சொல்வது புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டில் எடின்பரோவில் இருந்த மருத்துவர் வில்லியம் கல்லன், தொலைதூர நோயாளிகளுக்கும் அவர்களுடைய உள்ளூர் மருத்துவர்களுக்கும் ஆயிரக்கணக்கான கடிதங்கள் வழியே ஆலோசனை சொன்னார். அந்நாளைய மருத்துவம் பெரும்பாலும் நோயாளி சொல்லும் கதையை நம்பியிருந்ததால் கதை கடிதத்தில் வந்தாலும் போதுமானதாக இருந்தது. அடுத்த நூற்றாண்டில் ஸ்டெதஸ்கோப்பும் உடலைத் தட்டிப் பார்க்கும் முறையும் பரவிய பின்னரே, நேரில் பார்க்காதவர் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்ற எண்ணம் வேரூன்றியது. முதல் தரப்பின் வாதம் அந்தக் காலத்துக் கொடை. மூளைக் கட்டியைப் பொறுத்தவரை அது வெறும் பிடிவாதமும் அல்ல. 1884இல் லண்டனில் ஹியூஸ் பென்னட் என்ற மருத்துவர் கை கால் பலவீனத்தையும் வலிப்பின் போக்கையும் மட்டும் வைத்துக் கட்டி இருக்கும் இடத்தைக் கணித்தார். அறுவை மருத்துவர் ரிக்மன் காட்லி அந்த இடத்தைத் திறந்து கட்டியை எடுத்தார். படமே இல்லாத காலத்தில் நோயாளியின் உடல்தான் வரைபடம்.

இரண்டாம் கருத்து என்பது தனி ஏற்பாடாக வளர்ந்தது 1970களின் அமெரிக்காவில். தேவையற்ற அறுவை சிகிச்சைகளைக் குறைக்க வேண்டும், காப்பீட்டுச் செலவு குறைய வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். நோய்க்கு வைத்த பெயரே தவறாக இருக்கலாம் என்ற கவலை பின்னால் சேர்ந்தது.

தூரத்தைத் தொழில்நுட்பத்தால் கடக்கும் முயற்சி, திசுவைப் பார்த்து நோயறியும் நோய்க்குறியியலில் விரைவாகவே தொடங்கிவிட்டது. 1968இல் பாஸ்டன் விமான நிலைய மருத்துவ நிலையத்திலிருந்து நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு நுண்ணோக்கிப் படங்கள் கருப்பு வெள்ளைத் தொலைக்காட்சி வழியே போயின. 1986இல் நோய்க்குறியியலாளர் ரொனால்ட் வெய்ன்ஸ்டீன் இதற்குத் தொலைநோய்க்குறியியல் என்று பொருள்படும் பெயரைத் தந்தார். நார்வேயின் வடகோடியில் கிர்க்கெனஸ் மருத்துவமனையில் அறுவை நடக்கும்போதே திசுவை ட்ரோம்சோவில் இருக்கும் நிபுணர் திரையில் பார்த்துச் சொல்லும் சேவை 1989இல் தொடங்கியது. இந்தியாவில் ஆந்திரத்தின் அரகொண்டா கிராமத்து மருத்துவமனையைச் சென்னையோடு இணைத்த தொலைமருத்துவ நிலையம் 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இங்கே தொலைமருத்துவத்துக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றவர் சென்னை மூளை அறுவை நிபுணர் கே. கணபதி. மூளை, நரம்பு நிபுணர்கள் பெருநகரங்களில் குவிந்திருக்கும் நாட்டில் அந்தத் துறையிலிருந்தே இந்தக் குரல் எழுந்தது பொருத்தமானது.

கருத்துகள் ஏன் மாறுபடுகின்றன

இரண்டு மருத்துவர் ஒரே கட்டிக்கு இரண்டு பெயர் சொன்னால், ஒருவர் தவறு செய்துவிட்டார் என்று குடும்பம் நினைப்பது இயல்பு. பல வேளைகளில் அந்த முடிவு நியாயமற்றது. மூளைக் கட்டிகளின் பெயர்ப் பட்டியலே கடந்த நூறு ஆண்டுகளில் பலமுறை திருத்தி எழுதப்பட்டிருக்கிறது.

1926இல் மருத்துவர்கள் பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும், மூளையின் துணை உயிரணுக்களிலிருந்து எழும் கிளையோமா கட்டிகளை, அவற்றின் உயிரணுக்கள் வளர்ச்சியின் எந்தக் கட்டத்து உயிரணுக்களை ஒத்திருக்கின்றன என்பதைக் கொண்டு வகைப்படுத்தினார்கள். உலக சுகாதார நிறுவனம் தன் முதல் வகைப்பாட்டை 1979இல் வெளியிட்டது. 1993, 2000, 2007 என்று அது திருத்தப்பட்டது. அதுவரை தீர்ப்புச் சொன்னது நுண்ணோக்கிதான். உயிரணுக்களின் வடிவம், அவற்றின் பிளவுகளின் எண்ணிக்கை, புதிய இரத்த நாளங்கள், செத்துப்போன திசு ஆகியவற்றைப் பார்த்துக் கட்டியின் தரத்தைச் சொல்வார்கள். இதில் பார்ப்பவரின் கண்ணுக்கும் பழக்கத்துக்கும் பெரும் பங்கு உண்டு. ஒரு கிளையோமா ஆஸ்ட்ரோசைட்டோமா வகையா, ஆலிகோடென்ட்ரோகிளையோமா வகையா, இரண்டும் கலந்ததா என்பதில் அனுபவம் வாய்ந்தவர்களே ஒத்துப்போகவில்லை. கிளையோமா மருந்துப் பரிசோதனைகளில் எல்லா ஸ்லைடுகளையும் ஒரே இடத்தில் மறுபடி பார்த்தபோது இந்த வேறுபாடு அப்பட்டமாகத் தெரிந்தது.

2008இல், கிளையோமாக்களில் மிகக் கொடியதான கிளையோபிளாஸ்டோமா கட்டிகளில் ஐ.டி.எச். என்ற மரபணுவின் மாற்றம் கண்டறியப்பட்டது. 2016 வகைப்பாடு மரபணுத் தகவலை நோயின் பெயருக்குள்ளேயே கொண்டுவந்தது. கலப்புக் கட்டி என்ற பழைய பெயர் ஏறக்குறைய மறைந்தது. முதலாம் நிறப்புரியின் (குரோமோசோம்) ஒரு கையும் பத்தொன்பதாம் நிறப்புரியின் ஒரு கையும் சேர்ந்து இழந்திருந்தால்தான் ஆலிகோடென்ட்ரோகிளையோமா என்ற பெயர் கிடைக்கும் என்றானது. 2021 வகைப்பாடு இன்னும் ஒரு படி போனது. நுண்ணோக்கியில் சாதுவாகத் தெரியும் கட்டியாக இருந்தாலும், வயது வந்தவரிடம் ஐ.டி.எச். மாற்றம் இல்லாமல், டெர்ட் மரபணு மாற்றமோ ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுப் பெருக்கமோ ஏழாம் நிறப்புரி கூடிப் பத்தாவது குறைந்த நிலையோ இருந்தால் அது கிளையோபிளாஸ்டோமாதான். எதிர்த்திசையில், முன்பு கிளையோபிளாஸ்டோமா எனப்பட்டவற்றில் ஐ.டி.எச். மாற்றம் உள்ளவை இப்போது வேறு பெயர் பெற்றுவிட்டன. அவற்றின் போக்கும் வேறு.

ஆகவே 2015ஆம் ஆண்டு அறிக்கையை இன்று ஒரு பெரிய மையத்துக்கு அனுப்பினால் பெயர் மாறி வருவதில் வியப்பில்லை. முதல் மருத்துவர் அன்றைய விதிப்படி சரியாகவே சொல்லியிருப்பார். இதே இடைவெளி ஒரே ஆண்டில் இரண்டு ஊர்களுக்கு இடையிலும் இருக்கிறது. சிறு ஆய்வகத்தில் ஐ.டி.எச். மாற்றத்துக்கான சாயச் சோதனை மட்டும் கிடைக்கும். அது மிகப் பரவலான ஒரு மாற்றத்தை மட்டுமே காட்டும், ஐ.டி.எச்.1 மாற்றங்களில் பத்தில் ஒன்று போல அதன் கண்ணுக்குத் தப்பும். அதனால் இளம் வயதினரிடம் சாயச் சோதனை மாற்றம் இல்லை என்று காட்டினாலும் மரபணு வரிசையைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது இன்றைய பரிந்துரை. சிகிச்சையும் இதைத் தொடர்ந்தே போகிறது. ஐ.டி.எச். மாற்றம் உள்ள இரண்டாம் தரக் கட்டிகளுக்கான வோராசிடெனிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2024இல் ஒப்புதல் தந்தது. அந்த ஒரு சோதனை நடக்காத இடத்தில் அந்தக் கதவு இருப்பதே நோயாளிக்குத் தெரியாது.

எண்கள் காட்டுவதும் மறைப்பதும்

இரண்டாம் கருத்தின் பயனை அளக்க முயன்ற ஆய்வுகள் பல. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் மறுஆய்வுக்கு வந்த 500 மூளை, தண்டுவடப் பயாப்ஸிகளைத் தொடர்ச்சியாக ஆராய்ந்து 1997இல் முடிவை வெளியிட்டது. ஏறக்குறைய 43 சதவீதத்தில் ஏதோ ஒரு வேறுபாடு இருந்தது. சிகிச்சையை உடனடியாகப் பாதிக்கக்கூடிய கடுமையான வேறுபாடு 9 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. படங்களைப் பொறுத்தவரை, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நரம்புக் கதிரியலாளர்கள் வெளியிலிருந்து வந்த 4,500க்கும் மேற்பட்ட ஸ்கேன்களை மறுபடி படித்ததில் 7.7 சதவீதத்தில் மருத்துவ முக்கியத்துவம் உள்ள வேறுபாடு இருந்ததாக 2010இல் தெரிவித்தார்கள். இறுதி முடிவு பின்னர் தெரியவந்த நோயாளிகளில் 84 சதவீதத்தில் இரண்டாவது வாசிப்பே சரியாக இருந்தது. எல்லா நோய்களுக்குமாக, பெஸ்ட் டாக்டர்ஸ் என்ற தொலைநிலைச் சேவையை நாடிய ஏறக்குறைய 6,800 பேரைப் பற்றிய 2015ஆம் ஆண்டுக் கட்டுரை, நோயறிதல் 15 சதவீதத்திலும் சிகிச்சை 37 சதவீதத்திலும் மாறியதாகச் சொல்கிறது.

இந்த எண்களை விளம்பரங்கள் அப்படியே எடுத்துப் போடுகின்றன. அவற்றை நிதானித்துப் படிக்க வேண்டும். மறுஆய்வுக்கு வருபவை பெரும்பாலும் ஏற்கெனவே சந்தேகத்துக்கு இடமானவை. எல்லா நோயாளிகளின் சராசரியாக அவற்றைக் கொள்ள முடியாது. மேலும், பெரும்பாலான ஆய்வுகளில் இரண்டாவதாகச் சொன்னவரே அளவுகோலாக வைக்கப்படுகிறார். பெரிய மையம் சொன்னதால் அது சரி என்று எடுத்துக்கொள்வது வட்டமாகச் சுற்றி வரும் வாதம். ஹாப்கின்ஸ் ஆய்வின் 84 சதவீதத்தைத் திருப்பிப் பார்த்தால், வேறுபாடு எழுந்த இடங்களில் ஆறில் ஒன்று போல நிபுணரின் வாசிப்பும் பிழைத்திருக்கிறது. எல்லாவற்றிலும் பெரிய குறை, மாறிய பெயரால் நோயாளி எவ்வளவு கூடுதல் காலம் வாழ்ந்தார், எவ்வளவு நலமாக வாழ்ந்தார் என்பதை இந்த ஆய்வுகள் பொதுவாகத் தொடர்வதில்லை.

பெயரில் சண்டை இல்லாதபோதும் சிகிச்சைக் கருத்து எவ்வளவு தூரம் விலகும் என்பதற்கு நார்வேயிலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. அங்கே நோயாளி எந்தப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போவார் என்பது அவருடைய வீட்டு முகவரியைப் பொறுத்தது. குறைந்த தரக் கிளையோமாவுக்கு அவற்றில் ஒரு மருத்துவமனை பயாப்ஸி எடுத்துவிட்டுக் காத்திருந்து கவனித்தது. இன்னொன்று தொடக்கத்திலேயே கட்டியை எடுத்தது. 153 நோயாளிகளை ஒப்பிட்டு 2012இல் வந்த ஆய்வில், காத்திருந்த இடத்தில் இடைநிலை ஆயுள் 5.9 ஆண்டுகள். உடனே எடுத்த இடத்தில் ஆய்வு முடியும்போது பாதிக்கு மேற்பட்டோர் உயிரோடு இருந்ததால் அந்த எண்ணைக் கணக்கிடவே முடியவில்லை. இரண்டு இடத்திலும் இருந்தவர்கள் தேர்ந்த நிபுணர்கள். தங்கள் மருத்துவமனையின் வழக்கத்தை அவர்கள் நம்பினார்கள். வேறு மரபில் பயின்ற ஒருவருடைய கருத்தைக் கேட்பதற்கு இதைவிட வலுவான காரணம் சொல்வது கடினம்.

எது பயணம் செய்யும்

தொலைவை ஒரே பொருளாகக் கொண்டு ஆதரிப்பதும் எதிர்ப்பதும் பலனற்றவை. நோயாளியிடமிருந்து புறப்படும் சான்றுகளில் சில வழியில் சேதமடைவதில்லை; சில பாதி வந்து சேரும்; சில புறப்படுவதே இல்லை. முதலிரண்டு தரப்புகளும் தங்களுக்கு வசதியான சான்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவதே அவற்றின் பலவீனம்.

ஸ்கேன் படம் முழுமையாகப் பயணிக்கும், ஒழுங்காக அனுப்பினால். 1993 முதல் டைகாம் என்ற பொது வடிவம் நடைமுறையில் இருப்பதால் எந்த நிறுவனத்தின் இயந்திரத்தில் எடுத்த படத்தையும் எங்கும் திறக்கலாம். நடைமுறையில் நடப்பது வேறு. சன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைப் பிடித்து, செல்பேசியில் படமெடுத்து, வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார்கள். ஒரு மூளை எம்.ஆர்.ஐ.யில் நூற்றுக்கணக்கான படங்கள் உண்டு; ஃபிலிமில் அச்சாவது அவற்றில் தேர்ந்தெடுத்த சில. சீழ்க்கட்டியையும் புற்றுக்கட்டியையும் பிரித்துக் காட்ட உதவும் டிஃப்யூஷன் வரிசை அந்தத் தேர்வில் விடுபட்டிருக்கலாம். அப்படி அனுப்பிய படத்துக்குக் கிடைக்கும் கருத்தின் தரம் அந்தப் படத்தின் தரத்தைத் தாண்டாது. ஸ்கேன் மையத்திடம் சி.டி.யோ பென் டிரைவோ கேட்டு வாங்கி முழுக் கோப்பையும் அனுப்புவது எளிய வேலை. பல குடும்பங்களுக்கு அதை யாரும் சொல்வதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஸ்லைடு ஏறக்குறைய முழுமையாகப் பயணிக்கும். முழு ஸ்லைடையும் ஸ்கேன் செய்து கோப்பாக மாற்றும் கருவிகள் வந்த பின், டொரான்டோவில் மூளை அறுவை நடக்கும் மருத்துவமனையிலிருந்து அதே நகரின் வேறொரு வளாகத்தில் இருந்த நோய்க்குறியியலாளர்களுக்கு, அறுவையின்போதே உறையவைத்து வெட்டிய திசுக்களின் படங்கள் திரைவழியே போயின. 2006க்கும் 2008க்கும் இடையே பார்த்த 600க்கும் மேற்பட்டவற்றில் துல்லியம் சுமார் 98 சதவீதம். அவற்றில் பெரும்பாலானவை மூளைத் திசுக்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல்தான் இத்தகைய ஒரு கருவியை முதன்மை நோயறிதலுக்கு ஏற்றது. குறையும் உண்டு. மூளைத் திசுவைக் கண்ணாடியில் நசுக்கித் தயாரிக்கும் பூச்சு ஸ்லைடுகள் தடிப்பானவை. நுண்ணோக்கியில் குவியத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்ப்பதை ஒரே தளத்தில் எடுத்த படம் தராது.

மெழுகில் பதித்த திசு, ஆய்வகப் பேச்சில் பிளாக், கூரியரில்தான் போக வேண்டும். நோயின் பெயரை மாற்றக்கூடிய புதிய சோதனைகள் அதிலிருந்தே நடக்க வேண்டும் என்பதால் உண்மையில் மிக மதிப்புள்ள சான்று இதுதான். அறிக்கைத் தாளை மட்டும் படித்துச் சொல்லும் கருத்து முதல் நிபுணரின் கண்ணையே மறுபடி கடன் வாங்குகிறது. ஸ்லைடும் பிளாக்கும் போகாத இடத்தில், திசுவைப் பொறுத்தவரை இரண்டாம் கருத்து என்று ஒன்று நிகழவே இல்லை எனலாம்.

மரபணுத் தரவு பயணிப்பதில் ஒரு புதுமை நிகழ்ந்திருக்கிறது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் டி.என்.ஏ.வின் மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளின் அமைப்பைக் கொண்டு கட்டியை இனம்காணும் கணினி முறையை 2018இல் வெளியிட்டார்கள். மற்றவர்கள் தங்கள் ஆய்வகத்தில் எடுத்த தரவை உலகின் எந்த மூலையிலிருந்தும் இணையத்தில் ஏற்றி முடிவு பெற வழி செய்தார்கள். அவர்கள் சோதித்த 1,104 கட்டிகளில் ஏறக்குறைய 12 சதவீதத்துக்கு நோயின் பெயர் மாறியது. மனிதக் கண் சார்ந்த வேறுபாட்டை இது வெகுவாகக் குறைக்கிறது. ஆனால் அந்தத் தரவை எடுக்கும் கருவி இல்லாத ஊருக்கு இணையத் தளம் திறந்திருந்தும் பயனில்லை. எதனோடும் பொருந்தாமல் முடிவு தராமல் விடும் கட்டிகளும் உண்டு.

புறப்படாதது உடல். நடை, பேச்சு, பார்வைப் புலம், கண்ணின் பின்புற நரம்பில் வீக்கம், அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறன் ஆகியவை அறுவையையும் கதிர்வீச்சையும் தீர்மானிப்பதில் வயதுக்கு நிகரான இடம் பெறுபவை. காணொளியில் நடக்கச் சொல்லலாம், கையை நீட்டச் சொல்லலாம், பேச்சைக் கேட்கலாம். கண்ணுக்குள் பார்க்க முடியாது. கட்டி என்ன என்பதற்கு உடல் அவ்வளவாகத் தேவைப்படாது. இந்த மனிதருக்கு என்ன செய்வது என்பதற்குத் தேவைப்படும். முதல் தரப்பு வெல்லும் களம் இது.

காசநோயும் நாடாப்புழுவும்

தொலைவிலிருக்கும் நிபுணர் எங்கே பயின்றவர் என்பதும் பொருட்படுத்த வேண்டியது. படத்தில் வளையம் போல் ஒளிரும் சிறு புண்ணைப் பார்த்ததும் வட அமெரிக்க மருத்துவரின் மனத்தில் முதலில் எழும் பட்டியலும் தமிழ்நாட்டு மருத்துவரின் மனத்தில் எழும் பட்டியலும் ஒன்றாக இருக்க முடியாது. இந்தியாவில் காசநோய்க் கட்டியும் நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி உண்டாக்கும் புண்ணும் புற்றுக்கட்டியைப் போல் வேடமிடும்.

வலிப்போடு வரும் இந்திய நோயாளிகளின் சிறு புண்கள் ஒரு காலத்தில் காசநோயென்று கருதப்பட்டு மாதக்கணக்கில் மருந்து தரப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேதாந்தம் ராஜசேகர், மேத்யூ சாண்டி முதலியோர் 1990களில் செய்த ஆய்வுகள், அவற்றில் பெரும்பகுதி நாடாப்புழுப் புண்கள் என்று காட்டின. ஒரே புண், 20 மில்லிமீட்டருக்கு மேற்படாத அளவு, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாத வீக்கம், மூளை அழுத்தம் கூடிய அறிகுறி இல்லாமை, நாளுக்கு நாள் மோசமாகும் பலவீனம் இல்லாமை என்று அவர்கள் வகுத்த அடையாளங்கள் பல நோயாளிகளை அறுவையிலிருந்தும் தேவையற்ற மருந்திலிருந்தும் காத்தன. இந்த அறிவு வேலூர் நோயாளிகளிடமிருந்து வந்தது. இந்த நோயை ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பவரிடம் அந்தக் கண் எளிதில் அமையாது.

இதன் மறுபக்கமும் உண்மை. தொற்று நோய்ப் பட்டியலுக்குப் பழகிய உள்ளூர் மருத்துவர், நரம்புறையான மைலினின் அழற்சி கட்டி போல் வீங்கி நிற்பதையோ மூளையின் நிணநீர்ப் புற்றையோ காசநோயென்று எண்ணிவிடலாம். நிணநீர்ப் புற்றுக்குப் பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் கட்டி தற்காலிகமாகக் கரைந்து, பின்னர் எடுக்கும் திசுவில் தடயமே இல்லாமல் போகலாம். அதன் பிறகு எவ்வளவு பெரிய நிபுணரிடம் அனுப்பினாலும் அவர் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. எனவே மருத்துவமனையின் உலகப் புகழைவிட, குறிப்பிட்ட சந்தேகத்தில் அதன் பழக்கம் என்ன என்று பார்ப்பதே முறை. பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற இடங்கள் இருக்க, கடல் கடந்த கருத்தே மேலானது என்ற எண்ணத்துக்கு மருத்துவ அடிப்படை குறைவு.

கேட்பவர் யார்

நோயாளி கேட்கும் கருத்துக்கும் மருத்துவர் கேட்கும் கருத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நன்கு காட்டுவது அம்மானுக்கும் டொரான்டோவுக்கும் இடையே நடந்த முயற்சி. ஜோர்டானின் கிங் ஹுசைன் புற்றுநோய் மையமும் டொரான்டோ குழந்தைகள் மருத்துவமனையும் 2004 இறுதியிலிருந்து காணொளியில் கூடி, மூளைக் கட்டி உள்ள குழந்தைகளைப் பற்றி விவாதித்தன. ஒன்றரை ஆண்டில் 20 அமர்வுகள், 64 குழந்தைகள். 23 பேருக்குச் சிகிச்சையில் பெரிய மாற்றம் பரிந்துரைக்கப்பட்டது. அவர்களில் 21 பேருக்கு அது நிறைவேற்றப்பட்டது. பரிந்துரை நிறைவேறிய இந்த விகிதமே கவனிக்க வேண்டியது. மேசையின் இரு பக்கமும் சிகிச்சை தருபவர்கள் அமர்ந்திருந்ததால் கருத்து காகிதமாக நிற்கவில்லை. நோயாளி தனியே வாங்கிவரும் அறிக்கை, சிகிச்சை தரும் மருத்துவரின் மேசையில் பல வேளை பிரிக்கப்படாமல் கிடக்கிறது, அல்லது அவருக்குக் காட்டவே நோயாளி அஞ்சுகிறார்.

இந்தியாவில் 2012இல் உருவான தேசியப் புற்றுநோய் வலையமைப்பும், அதனோடும் டாடா நினைவு மையத்தோடும் இணைந்து நோயாளிகளின் ஆவணங்களைப் பெற்று நிபுணர் கருத்தைத் தரும் நவ்யா என்ற இணையச் சேவையும் இரண்டு வழிகளையும் ஓரளவு நெருங்கச் செய்தன. என்றாலும் நோயாளி நேரடியாகக் கேட்கும் உரிமையை மருத்துவர் வழிக்கு மட்டும் சுருக்கக் கூடாது. முதல் மருத்துவரே தயங்குகிறவராக இருந்தால் நோயாளிக்கு வேறு வாசல் வேண்டும்.

சட்டம் இந்த இடத்தில் சற்று உதவுகிறது, சற்றுத் தடுக்கிறது. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, மருத்துவ ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 2020 மார்ச் 25இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல், பதிவுபெற்ற மருத்துவர் இன்னொரு பதிவுபெற்ற மருத்துவரைத் தொலைவிலிருந்து கலந்தாலோசிப்பதை ஏற்கிறது. சிகிச்சைக்கான பொறுப்பு கேட்டவரிடமே இருக்கும். நாட்டுக்கு வெளியே நடக்கும் ஆலோசனையை அது கையாளவில்லை. அமெரிக்காவிலோ மருத்துவர் உரிமம் மாநிலத்தோடு நின்றுவிடுவதால், பெருந்தொற்றுக் காலத்துச் சலுகைகள் முடிந்தபின் பக்கத்து மாநில நோயாளியோடு காணொளியில் பேசுவதே சிக்கலாகிவிட்டது. இதை எதிர்த்து 2023இல் நியூஜெர்சியில் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கில் வாதிகளாக நின்றவர்களுள் மூளைக் கட்டி வந்த குழந்தையின் குடும்பமும் உண்டு.

காத்திருக்க நேரம் உண்டா

இரண்டாம் கருத்துக்காகக் காத்திருக்கலாமா என்பதற்கு நோய்க்கு நோய் விடை மாறும். மண்டைக்குள் அழுத்தம் கூடி நினைவு மங்குகிறவருக்கோ மூளைநீர் வழி அடைபட்டவருக்கோ வேறு கருத்தைத் தேடும் நேரம் அதுவல்ல. உயிர்காக்கும் அறுவை முதலில், கேள்விகள் பிறகு. கிளையோபிளாஸ்டோமா எடுத்தபின் கதிர்வீச்சை வழக்கமாகச் சில வாரங்களுக்குள் தொடங்க வேண்டும். அந்த வாரங்களுக்குள் பிளாக்கை அனுப்பி முடிவு பெற முடியும், முதல் நாளே முனைந்தால். மூளையுறைக் கட்டியான மெனிஞ்சியோமா, செவி நரம்புக் கட்டி போன்று மெதுவாக வளர்பவற்றில் பெரும்பாலும் அவகாசம் தாராளம். அறுவையா, கட்டியைக் குறிவைத்துக் கதிர் செலுத்தும் கதிர்க் கத்தியா, வெறும் கண்காணிப்பா என்ற மூன்று நியாயமான வழிகளும் அங்கே இருப்பதால் இரண்டாம் கருத்து நன்றாகப் பயன்படும் இடமும் அதுவே. முதல் அறுவைக்கு முன்னரே கேட்பதற்குத் தனி மதிப்பு உண்டு. எடுத்த திசுவை மறுபடி ஆராயலாம். செய்த அறுவையைச் செய்யாததாக ஆக்க முடியாது.

கருத்துகள் மோதும்போது

இரண்டும் ஒத்துப்போனால் குடும்பம் நிம்மதி அடைகிறது. ஒரே தவறான அறிக்கையை இருவரும் நம்பியிருந்தாலும் கருத்துகள் ஒத்துப்போகும் என்பதை மறக்கக் கூடாது. ஒத்துப்போகாதபோது மூன்றாவது, நான்காவது என்று தேடிப்போவது வழக்கம். பெரும்பான்மை வாக்கு இங்கே உண்மையைத் தராது. எந்தச் சான்றில் வேறுபடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதே பயனுள்ள அடுத்த படி. திசுவின் பெயரில் வேறுபட்டால் கூடுதல் மரபணுச் சோதனை பல வேளை வழக்கைத் தீர்த்துவிடும். படத்தின் பொருளில் வேறுபட்டால் சில வாரம் கழித்து எடுக்கும் இன்னொரு ஸ்கேன் தீர்க்கலாம். கதிர்வீச்சுக்குப் பின் கட்டி வளர்ந்தது போல் காட்டிப் பின் தானே அடங்கும் போலி வளர்ச்சியில் காலம்தான் நடுவர். எவ்வளவு எடுக்கலாம் என்பதில் வேறுபட்டால் எந்தச் சோதனையும் உதவாது. அங்கே அறுவை நிபுணரின் கைப்பழக்கமும், பேச்சையோ கையசைவையோ எந்த அளவுக்குப் பணயம் வைக்க நோயாளி தயார் என்பதும் சேர்ந்துதான் முடிவு சொல்லும். பல துறை நிபுணர்கள் ஒன்றாக அமரும் கட்டி ஆலோசனைக் குழுக்கள் இத்தகைய மோதலைக் குறைக்க உருவானவை. தொலைநிலைக் கருத்தைத் தனி ஒருவரிடம் பெறுவதைவிட இத்தகைய குழுவிடம் பெறுவது மேல் என்று தற்போதைய சான்றுகளைக் கொண்டு சொல்லலாம்.

தீராமல் நிற்பவை

ஸ்கேனையும் ஸ்லைடையும் படிப்பதில் தூரம் பெரிய தடையல்ல என்பது ஏறக்குறைய தீர்ந்துவிட்ட விவாதம். மாறிய கருத்தால் ஆயுள் கூடுகிறதா என்பது தீரவில்லை. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் இரண்டாம் கருத்தை மறுப்பது அறத்துக்கு ஒவ்வாதென்பதால் நேரடியான சோதனை அமைவதும் அரிது. கணினி முறைகள் முதல் கருத்தின் பிழையையே குறைத்துவிட்டால் இரண்டாவதற்கான தேவை சுருங்கக்கூடும். 2023இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அறுவை நடக்கும்போதே டி.என்.ஏ.வைப் படித்துக் கட்டியின் வகையைச் சொல்லும் முறையை வெளியிட்டார்கள். அது அறுவை அரங்கை விட்டு வெளியேறாமலே கிடைக்கும் மறுபார்வை. அந்தக் கருவிகள் முதலில் எந்த ஊர்களைச் சென்றடையும் என்பதும், எல்லை தாண்டிய கருத்தால் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதும் விடையின்றி நிற்கின்றன.

இன்னொரு குறை அமைப்பில் இருக்கிறது. நேரில் சிகிச்சை தருபவருக்கு நோயாளி திரும்பி வருவார். தன் கணிப்பு பிழைத்ததா, பலித்ததா என்று அவர் காண்பார். தொலைவிலிருந்து சொன்னவருக்குப் பெரும்பாலும் அந்தச் செய்தி போய்ச் சேருவதில்லை. ஹார்வி குஷிங் தன் கணக்கில் சேர்த்தது திசுவில் உறுதிப்பட்ட கட்டிகளை மட்டுமே. 1931இல் அந்த எண்ணிக்கை 2,000ஐத் தொட்டது. அவருடன் பணியாற்றிய லூயிஸ் ஐசன்ஹார்ட் அந்தப் பதிவேட்டைப் பேணி, நோயாளிகளுக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்பதையும் தொடர்ந்து சேர்த்தார். இன்றைய தொலைநிலைச் சேவைகள் பரிமாறும் கருத்துகள் அதைவிடப் பன்மடங்கு. ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே, பின்னர் உறுதிப்பட்ட முடிவை எழுதிவைத்து, கருத்துச் சொன்னவருக்கே அதைத் திருப்பி அனுப்பும் பொதுப் பதிவேடு இந்தத் துறையில் இனிமேல்தான் எழ வேண்டும்.